மூன்று மாதம் தாண்டிய இடுப்பு வலி: நரம்பு மண்டலத்தின் வழியே மதிப்பீடும் சிகிச்சையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கீழ்முதுகிலும் இடுப்பிலும் மாதக்கணக்கில் வலியோடு இருப்பவர்களும், அவர்களுக்கு சிகிச்சை தரும் இளம் பிசியோதெரபிஸ்டுகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கழுத்து, தோள், முழங்கால் வலிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடத்துக்குக் கீழே இருக்கும் நரம்புக்கற்றை நசுங்கினால் இப்படி ஆகும். தாமதித்தால் மூத்திரப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

மூன்று மாதம் என்று ஏன் கணக்கு வைக்கிறார்கள்?

தசைப் பிடிப்பு, சுளுக்கு, டிஸ்க்கின் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) வெளிவளையத்தில் கீறல் போன்ற பெரும்பாலான காயங்கள் அதற்குள் ஆறிவிடும் என்பதால். அதற்குப் பிறகும் வலி நீடித்தால், ஆறாத காயம் ஒன்று உள்ளே இருக்கிறது என்ற ஊகத்தை விட்டு வேறு காரணங்களையும் தேட வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் (11ஆம் பதிப்பு) நாள்பட்ட வலிக்குத் தனி இடமே இருக்கிறது. வேறொரு நோயின் அறிகுறி என்ற நிலை மாறி, வலியே நோயாக நிற்கலாம் என்பதை அந்தப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எம்ஆர்ஐயில் "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" (நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுக்கம்) என்று எழுதியிருக்கிறது. வலிக்குக் காரணம் அதுதானே?

இருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015இல் ஒரு தொகுப்பு வெளியானது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். 50 வயதில் இவை 80, 60. 80 வயதில் 96, 84. தலைமுடி நரைப்பதைப் போலத்தான். நரை இருப்பதால் தலைவலி என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்கேனுக்கு மதிப்பு வரும் இடம் வேறு. முழங்காலுக்குக் கீழே ஒரு கோடாக இறங்கும் வலி, அதே கோட்டில் மரத்துப்போதல், அந்த நரம்பு இயக்கும் தசையில் வலுக்குறைவு, படத்தில் அதே மட்டத்தில் நரம்பை அழுத்தும் டிஸ்க். இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் அந்த டிஸ்க்கைக் குற்றம் சொல்லலாம். வலி இடதுகாலில், பல்ஜ் வலப்பக்கம் என்றால் அந்தப் படத்தை ஓரமாக வைக்க வேண்டியதுதான்.

ரிப்போர்ட்டில் உள்ள சொற்களே சிலருக்கு வினையாகிவிடுகின்றன. "டிஜெனரேஷன்", "டியர்", "கம்ப்ரஷன்" என்று படித்தவர் மறுநாளிலிருந்து குனியப் பயப்படுவார். அந்தப் பயம் தசைகளை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும். பெரிதாகப் பிதுங்கி, துண்டாகவே வெளியே வந்த டிஸ்க்கைக்கூட உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் மாதங்கள் செல்லச்செல்லக் கரைத்துச் சிறிதாக்கிவிடுவது உண்டு. இந்த விஷயம் ரிப்போர்ட்டில் இருக்காது.

அப்படியானால் வலி எங்கிருந்துதான் வருகிறது?

காலைக் கல்லில் இடித்துக்கொண்டால் முதலில் "சுரீர்" என்று ஒன்று வரும். ஒரு நொடி கழித்து "விண்விண்" என்று தெறிக்கும். முதலாவதை ஏ-டெல்டா என்னும் மெல்லிய நரம்பிழைகள் கொண்டுபோகின்றன, வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். இரண்டாவதைக் கொண்டுபோவது சி இழைகள், நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர். இவை ஏந்திப்போவது ஆபத்துச் செய்தியை மட்டும். வலி என்ற அனுபவத்தை மூளைதான் ஆக்குகிறது, சூழல், முன்அனுபவம், பயம், தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து.

வழியில் ஒரு சாவடி இருக்கிறது: தண்டுவடத்தின் பின்கொம்பு. சி இழைகளிலிருந்து செய்தி திரும்பத்திரும்ப வந்துகொண்டே இருந்தால் அங்குள்ள நரம்புச் செல்கள் அதே செய்திக்கு முன்பைவிட அதிகமாகத் துடிக்கத் தொடங்கும். இதை 1960களிலேயே பதிவு செய்துவிட்டார்கள். காயத்துக்குப் பிறகு தண்டுவடமே உணர்திறன் கூடிப்போகிறது என்பதை 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டு வெந்த நாக்குக்கு வெதுவெதுப்பான ரசமும் நெருப்பாகச் சுடும். குறை ரசத்தில் இல்லை. நாள்பட்ட வலியில் பலருக்கு இந்த நிலை முதுகோடு நிற்காமல் தண்டுவடத்திலும் மூளையிலும் வந்துவிடுகிறது.

அதே சாவடிக்கு மேலிருந்தும் ஆணை வருகிறது. நடுமூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் இறங்கும் பாதைகள் செய்தியை அமுக்கவும் செய்யும், பெருக்கவும் செய்யும். அமுக்கும்போது உடல் தன் சொந்த ஓபியாய்டுகளையே (அபின் போன்ற வலிநிவாரணிப் பொருள்கள்) பயன்படுத்துகிறது. பல் பிடுங்கியவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்துக் கிடைத்த வலிநிவாரணம், நாலோக்சோன் என்ற ஓபியாய்டு முறிமருந்தால் குறைந்துபோனதை 1978இல் கண்டார்கள். நம்பிக்கையாலும் அச்சத்தாலும் வலி குறைவதும் கூடுவதும் இந்தப் பாதைகளின் வழியாகத்தான்.

"எல்லாம் மனப்பிரமை" என்று சுற்றி வளைத்துச் சொல்கிறீர்களா?

இல்லை. மேலே சொன்னது முழுக்க உடலுக்குள் நடக்கும் மின்னோட்டமும் வேதியியலும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வலிக்கிறது.

வலியில் எத்தனை வகை? என்னுடையது எது?

மூன்று. திசுவில் அழற்சியோ காயமோ இருந்து வரும் வலி முதலாவது. நரம்பே கெட்டு அல்லது நசுங்கி வரும் வலி இரண்டாவது: எரிச்சல், கரண்ட் அடிப்பது, எறும்பு ஊர்வது, மரத்துப்போவது எல்லாம் இதன் மொழி. மூன்றாவதுக்கு "நோசிபிளாஸ்டிக்" என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017இல் பெயர் வைத்தது. திசுவிலும் நரம்பிலும் போதுமான சேதம் தெரியாமல், வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போய் வருவது.

மூன்றாவது வகை இடம் விட்டுப் பரவும். இன்று வலது இடுப்பு, போன வாரம் தோள்பட்டை. லேசாக அழுத்தினாலே சுருக்கென்று இருக்கும். கூடவே தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி, வெளிச்சமும் சத்தமும் எரிச்சல் தருவது. இந்தத் துணை அறிகுறிகளை நோயாளிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், "முதுகுக்குத்தானே வந்தோம்" என்று விட்டுவிடுவார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நிஜத்தில் கலவைதான் அதிகம். மூட்டு தேய்ந்த முழங்காலில் முதல் வகையும் மூன்றாவதும் சேர்ந்திருக்கும். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிப்பதற்கு இந்தக் கலவையும் ஒரு காரணம்.

நரம்பு மண்டலத்தைப் பார்க்கும் முன் எதையெல்லாம் விலக்க வேண்டும்?

நம் ஊரில் முதல் சந்தேகம் முதுகெலும்பு காசநோய். மாலையில் மெல்லிய காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை, ஒரே ஒரு முள்ளெலும்பைத் தட்டினால் மட்டும் கூர்மையான வலி. இருமல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பழைய புற்றுநோய், நீண்டகால ஸ்டீராய்டு, விழுந்த அதிர்ச்சி, ஓய்விலும் விடாத இரவு வலி ஆகியவையும் உடனே பரிசோதிக்க வேண்டியவை.

அடுத்தது, பலமுறை தவறவிடப்படுவது: 40 வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி, விடியற்காலையில் எழுப்பி, அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, நடமாடினால் தணிந்து, ஓய்வெடுத்தால் கூடும் வலி. இது முதுகெலும்பு அழற்சி வாதமாக இருக்கலாம். ருமட்டாலஜிஸ்டிடம் (மூட்டுவாத மருத்துவர்) போக வேண்டியவரை வருடக்கணக்கில் "டிஸ்க்" என்று டிராக்‌ஷனில் தொங்கவிடுவது பாவம்.

உடல் முழுக்க எலும்பு வலி என்றால் வைட்டமின் டி, தைராய்டு. கை கால் சிறு மூட்டுகளில் என்றால் சிக்குன்குனியா வந்ததா என்று கேளுங்கள். 2005-06 அலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு இருந்தவர்கள் ஏராளம்.

மதிப்பீட்டில் என்னென்ன செய்வார்கள்?

முதல் சந்திப்புக்கு 45 நிமிடமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் முடிந்தால் அது மதிப்பீடு ஆகாது.

உடல் படம் ஒன்றைக் கொடுத்து வலிக்கும் இடங்களை நோயாளியே நிழலிட வேண்டும். ஒரு பட்டையாகக் காலில் இறங்கினால் நரம்பு வேர், உள்ளங்கை அளவு இடம் என்றால் திசு, உடலின் பாதியை நிரப்பினால் மூன்றாவது வகை என்று தோராயமாகப் பிரிக்கலாம். பிறகு, "உள்ளே என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்ற கேள்வி. "நரம்பு சுருண்டுகிச்சு", "எலும்பு உரசுது", "ஒரு நாள் படுத்த படுக்கையாயிடுவேன்" என்று வரும் பதில்கள் ரிப்ளெக்ஸ் சுத்தியலைவிட அதிகம் சொல்லும்.

அடுத்து நரம்புச் சோதனை. குதிகாலில் நடக்கவும் கட்டைவிரலை மேலே தூக்கவும் முடிகிறதா என்பது எல்5 என்னும் இடுப்பு நரம்பு வேருக்கு. நுனிக்காலில் பத்து முறை எழும்புவதும் குதிகால் நாணைச் சுத்தியலால் தட்டினால் வரும் துடிப்பும் அதற்குக் கீழுள்ள எஸ்1 வேருக்கு. முழங்காலில் தட்டினால் வரும் துடிப்பு மேலுள்ள எல்4 வேருக்கு. பஞ்சு, குத்தூசி, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை மூன்றாலும் இரண்டு கால்களையும் ஒப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் (நைலான் இழை) சோதனையும் சேரும்.

இதற்கு மேல் உள்ளதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது, உணர்திறன் சோதனைகள்:

தூரிகை. முதுகுத் தோலில் மெல்ல வருடினால் வலிக்கக் கூடாது. வலித்தால் தொடுசெய்தியே வலிப்பாதைக்குத் திரும்பியிருக்கிறது.

திரும்பத்திரும்பக் குத்துதல். தோலைக் கிழிக்காத மொட்டைக் குத்தூசியால் ஒரு முறை குத்தி, பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். பிறகு ஒரு சதுர செ.மீ.க்குள், நொடிக்கு ஒன்றாகப் பத்து முறை. எல்லோருக்கும் சற்றுக் கூடும். முதல் குத்து 2, பத்தாவது 6 என்று ஏறினால் பின்கொம்பு கொதிநிலையில் இருக்கிறது என்று பொருள்.

தூரத்து அழுத்தம். வலிக்கும் இடுப்பில் அழுத்தினால் வலிப்பது புதிதல்ல. வலியே இல்லாத முன்னங்கையிலும் முழங்கால் கீழ் எலும்பிலும் அழுத்திப் பாருங்கள். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தம் சுமார் 4 கிலோ. அங்கேயும் துள்ளினால் பிரச்சினை உள்ளூர்ப் பிரச்சினை அல்ல.

இரண்டு புள்ளி. காலிப்பரின் இரு முனைகளும் தனித்தனியாகத் தெரியும் குறைந்த தூரம் கீழ்முதுகில் 4–5 செ.மீ. நாள்பட்ட வலியில் 6 செ.மீ. வரை போகும். மூளையிலுள்ள முதுகின் வரைபடம் மங்கியிருக்கிறது என்பதன் தடயம் அது.

வினாத்தாள்களில், தண்டுவடத்திலும் மூளையிலும் கூடிப்போன உணர்திறனை மதிப்பிடும் சென்ட்ரல் சென்சிடைசேஷன் இன்வென்டரி பயன்படும். 25 கேள்விகள், மொத்தம் 100, 40ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஆனால் அது மனப்பதற்றத்தையும் சேர்த்தே அளக்கிறது. அதை மட்டும் வைத்து முத்திரை குத்துவது தவறு.

காலை நேராகத் தூக்கினால் இழுக்கிறது. நரம்பு மாட்டிக்கொண்டதா?

தொடையின் பின்தசை இழுத்தாலும் அதே உணர்வுதான். பிரித்தறிய வழி இருக்கிறது. மல்லாந்து படுத்து, முட்டி மடங்காமல் இழுப்பு வரும்வரை காலைத் தூக்கி, இழுப்பு போகும் அளவு கொஞ்சம் தாழ்த்தி, அங்கேயே பாதத்தை முகம் நோக்கி மடக்குங்கள். இழுப்பு திரும்பினால் நரம்பு, ஏனென்றால் பின்தொடைத் தசை கணுக்காலைத் தாண்டுவதில்லை. 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே வழக்கமான வலியே வந்தால் அது நேர்மறை. நல்ல காலைத் தூக்கும்போது மறுகாலில் வலி வந்தால் டிஸ்க் நரம்பை அழுத்துவதற்கான சந்தேகம் இன்னும் வலுக்கும். வெறும் பின்தொடை இறுக்கத்தை "பாசிட்டிவ்" என்று எழுதுவதுதான் இந்தச் சோதனையில் அதிகம் நடக்கும் பிழை.

நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா?

நரம்பில் மின்செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை அது. பருத்த, வேகமான நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். சி இழைகளும் பின்கொம்பும் அதில் அகப்படா. "டெஸ்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்பது அந்தச் சோதனை சொல்லாத வாக்கியம்.

சிகிச்சை எங்கே தொடங்கும்?

விளக்கத்தில். நோயாளியின் சொந்தச் சோதனை முடிவுகளைக் கொண்டே சொல்ல வேண்டும்: "முன்னங்கையில் அழுத்தியபோதும் வலித்தது, பார்த்தீர்களா? அங்கே டிஸ்க் இல்லையே." பொதுவான பாடம் எடுத்தால் காதோடு போய்விடும். விளக்கம் மட்டுமே வலியைப் பெரிதாகக் குறைத்துவிடாது. அசைவதற்குத் துணிவு தரும், அதற்குத்தான் அது.

நடக்கத் தொடங்கினால் இரண்டு நாளில் வலி ஏறிப் படுத்துவிடுகிறேன். எவ்வளவு நடக்க வேண்டும்?

பெரும்பாலோர் வலி குறைந்த நாளில் வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடக்கிறார்கள். வலியே நாள்காட்டியை எழுதுகிறது. அதைக் கடிகாரத்திடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். சியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் வகுத்த ஒதுக்கீட்டு முறை இதற்கு அடிப்படை.

மூன்று நாள் நடந்து, வலி கூடத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 14, 10, 12 நிமிடம் என்றால் சராசரி 12. அதில் 80 சதவீதம், ஏறக்குறைய 10 நிமிடம், உங்கள் தொடக்கம். தினம் இருமுறை பத்து நிமிடம், நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும். வாரத்துக்கு 10 சதவீதம், அதாவது ஒரு நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் பதினைந்தாக்கத் தோன்றும். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். பத்தில் நிறுத்துவது கெட்ட நாளில் பத்து நடப்பதைவிடக் கடினம்.

நடக்கும்போது வலி பத்துக்கு இரண்டு புள்ளி வரை கூடலாம், 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவுக்குத் திரும்புங்கள், பூஜ்யத்துக்கு அல்ல.

குனியவே பயமாக இருக்கிறது. பெல்ட் இல்லாமல் வெளியே போவதில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. குனிந்து ஒருமுறை பிடித்துக்கொண்டவர் அடுத்தமுறை மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, முதுகை மரப்பலகையாக்கிக்கொண்டு குனிகிறார். அந்த இறுக்கமே முதுகெலும்பின் மேல் சுமையைக் கூட்டுகிறது.

ஆகவே படிப்படியாக. நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை விட்டபடி, கைகளைத் தொடையிலிருந்து கெண்டைக்காலுக்கு வழியவிடுங்கள், பத்து முறை. பிறகு கணுக்கால் வரை. அடுத்து மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி, பூனைபோல் முதுகை வளைத்து நிமிர்த்துவது. பிறகு நின்று, ஒரு கையைத் திண்ணையில் ஊன்றிக் குனிவது. பிறகு ஊன்றாமல். கடைசியில் குடம்: முதலில் வெறுங்குடம், அடுத்து மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று. ஒரு லிட்டர் ஒரு கிலோ, அளவு வைத்துக்கொள்ள குடத்தைவிடச் சுலபமான எடைக்கல் கிடையாது. கோலம் போடுவது, சப்பணமிட்டு உட்கார்ந்து எழுவது, இந்தியக் கழிப்பறை, கோயிலில் விழுந்து கும்பிடுவது என்று உங்களுக்கு எது முக்கியமோ அதை இலக்காக வையுங்கள்.

ஒவ்வொரு படிக்கும் முன் "என்ன ஆகும் என்று நினைக்கிறேன்" என்று எழுதி, பின் "என்ன ஆனது" என்று எழுதுங்கள். நினைத்தபடி நடக்கவில்லை என்று மூளை தானே கண்டுகொள்ளும்போதுதான் பயம் தணிகிறது. பிசியோதெரபிஸ்ட் பத்து முறை "ஒன்றும் ஆகாது" என்பதால் அல்ல. பெல்ட்டை ஒரே நாளில் கழற்ற வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் குறையுங்கள்.

நரம்பை அசைக்கும் பயிற்சி என்கிறார்களே, எப்படிச் செய்வது?

காலில் இறங்கும் நரம்பு வலிக்கு மட்டும் இது. தொடை முழுதும் தாங்கும்படி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதுகைத் தளரவிடுங்கள். முட்டியை நீட்டிப் பாதத்தை மேலே மடக்கும்போது தலையை நிமிர்த்துங்கள். முட்டியை மடக்கும்போது முகவாயை மார்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு முனையில் இழுக்க, மறுமுனையில் விட, நரம்பு தன் பாதையில் வழுக்கி நகரும். பத்துத் தடவை, இரண்டு சுற்று, நாளுக்கு இருமுறை. இழுப்பு பத்துக்கு மூன்றைத் தொடும் முன் திரும்பிவிடுங்கள், முடித்ததும் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.

கெடுவது எங்கே என்றால், தலையும் கவிழ்ந்து காலும் நீட்டி முப்பது நொடி பிடித்து வைப்பதில். தசைக்கு அது நீட்சி, எரிச்சலில் இருக்கும் நரம்புக்கு அது நெரிப்பு. முயலின் நரம்பை 8 சதவீதம் நீட்டியதும் அதன் சிரை ஓட்டம் தடுமாறத் தொடங்கியதையும், 15 சதவீதத்தில் இரத்த ஓட்டமே நின்றதையும் 1973இல் ஸ்வீடனில் அளந்திருக்கிறார்கள்.

"நரம்பு மாத்திரை" தினமும் சாப்பிடுகிறேன். தேவையா?

பிரீகபாலினும் மெத்தில்கோபாலமினும் (வைட்டமின் பி12இன் ஒரு வடிவம்) சேர்ந்த மாத்திரை நம் ஊரில் இடுப்புவலி என்றாலே எழுதப்படுகிறது. சர்க்கரை நோய் நரம்புவலிக்கு பிரீகபாலின் உதவும். காலில் இறங்கும் வலிக்கு அதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில் (2017, 209 பேர்) குறிப்பிடத்தக்க பலன் இல்லை, தலைசுற்றல்தான் கூடியது. தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் வரும். டூவீலர் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதென்றால் அளவைக் குறைக்க வேண்டும். பி12 குறைவாக இருந்தால் மட்டும் பி12. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் சுத்த சைவர்களும் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

உணர்திறன் கூடிய வலிக்கு டுலாக்ஸெட்டின் பரவாயில்லை: வழக்கமாக ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60. முதல் பத்து நாள் குமட்டல் இருக்கும், சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குறையும். தூக்கமும் கெட்டிருந்தால் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. படுக்கும் முன். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் யோசித்துத் தர வேண்டும். இவை மனச்சோர்வு மருந்துகள் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம், மேலிருந்து இறங்கும் அமுக்கும் பாதைகளைத்தான் இவை வலுப்படுத்துகின்றன. டிரமடால் என்ற ஓபியாய்டு வலிமாத்திரையை டுலாக்ஸெட்டினோடு சேர்ப்பது ஆபத்து. இரண்டு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதும்போது இது நடக்கிறது. எந்த நரம்பு மாத்திரையையும் தானாக, ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வாரக்கணக்கில் குறைக்க வேண்டும்.

பிரிட்டனின் 2021 வழிகாட்டி, காரணம் தெரியாத நாள்பட்ட முதன்மை வலிக்குப் பாரசிட்டமால், டைக்ளோஃபினாக் வகையறா, ஓபியாய்டு, பிரீகபாலின் எதையும் தொடங்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் முன்னே நிற்கின்றன.

ஊசி போட்டுக்கொள்ளலாமா? ஆபரேஷன்?

காலில் இறங்கும் வலிக்கு முதுகில் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சிறிது நிவாரணம் தரலாம். காலில் இறங்காத வெறும் இடுப்புவலிக்குப் பயனில்லை. டிஸ்க் ஆபரேஷன் கால்வலியை வேகமாகக் குறைக்கும், உண்மை. ஆனால் நெதர்லாந்தில் 283 பேரைப் பிரித்துப் பார்த்த 2007 ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களும் காத்திருந்தவர்களும் ஒரு வருட முடிவில் ஒரே நிலையில் இருந்தார்கள், இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பாதம் தொங்கிப்போவது, வலுக்குறைவு ஏறிக்கொண்டே போவது, மூத்திரச் சிக்கல் என்றால் காத்திருக்கும் பேச்சே இல்லை.

எண்ணெய் தேய்ப்பது, ஒத்தடம், வர்மம், டென்ஸ் மெஷின்?

தொடுதலும், டென்ஸ் மெஷின் தோலில் தரும் மெல்லிய மின்துடிப்பும் பருத்த நரம்பிழைகள் வழியே சென்று, பின்கொம்பில் வலிச்செய்தியை அமுக்கும். 1965இல் மெல்சாக்கும் வாலும் சொன்ன வாயில் கோட்பாடு இது. பாட்டி தேய்த்துவிட்டால் சுகமாக இருப்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. சுகம் ஓரிரு மணி நேரம் நிற்கும், அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்துவிடுங்கள். "விலகின எலும்பை உட்கார வைத்தேன்" என்று யாராவது சொன்னால் தேய்த்ததற்குக் காசு கொடுங்கள், கதையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மரத்துப்போன இடத்திலும், சர்க்கரை நோயாளியின் பாதத்திலும் ஒத்தடம் வேண்டாம், சுடுவது தெரியாமல் கொப்புளமாகிவிடும்.

கண்ணாடி வைத்துச் செய்யும் சிகிச்சை முதுகுக்கு உண்டா?

கை கால்களுக்குத்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தவர்களின் மாயக்கை வலிக்காகக் கண்ணாடிப் பெட்டியை உருவாக்கினார். எலும்பு முறிவுக்குப் பின் கை வீங்கி, நிறம் மாறி, தொட்டாலே எரியும் வலி நோய்க்கு இன்று அது மூன்று கட்டமாகப் பயன்படுகிறது: படங்களில் இடது கையா வலது கையா என்று கண்டுபிடிப்பது, அசைப்பதாகக் கற்பனை செய்வது, பிறகு கண்ணாடி. வரிசையைத் தாண்டிக் கண்ணாடியில் தொடங்கினால் சிலருக்கு வலி பொங்கிவிடும்.

தூக்கம்?

ஒரு இரவு கெட்டாலே மறுநாள் வலி தாங்கும் அளவு குறையும். எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒன்றாக வையுங்கள். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மூச்சுத்தடையைச் சோதியுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

"நீ உட்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பதைக் குறைக்க வேண்டும். "இப்ப எப்படி வலிக்குது?" என்று மணிக்கொருமுறை கேட்பதையும். பத்து நிமிட நடைக்குக் கூட வந்தால் போதும்.

எத்தனை நாளில் குணமாகும்?

ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம், மூன்று மாதத்தில் ஏழு அமர்வுகளும் பிறகு ஒரு நினைவூட்டல் அமர்வும் கொண்ட சிகிச்சை, பெரும்பாலும் மேலே சொன்ன படிகளின் பாணியில், சோதிக்கப்பட்டது (2023). வழக்கமான கவனிப்பைவிட இயக்கமும் வலியும் தெளிவாக மேம்பட்டு, ஒரு வருடம் கழித்தும் நின்றது. அமெரிக்காவில் கொலராடோவில் 151 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வலியை ஆபத்தற்ற செய்தியாக மறுபடி புரிந்துகொள்ளப் பழக்கும் நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின் 66 சதவீதம் பேர் வலி இல்லாமலோ ஏறக்குறைய இல்லாமலோ இருந்தார்கள், வழக்கமான கவனிப்பில் 10 சதவீதம். அவர்கள் வலி மிதமாக இருந்தவர்கள், கடும் வலியில் இருப்பவர்களுக்கு இதே எண்ணை வாக்குறுதியாகக் கொடுக்கக் கூடாது. பொதுவாக, முதலில் நடக்கும் நேரம் கூடும், பிறகு தூக்கம் சீராகும், வலி எண் கடைசியாக இறங்கும். ஆறு வாரத்தில் வலி எண்ணை மட்டும் பார்த்து "பலனில்லை" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

நன்றாக இருந்து, மறுபடியும் பிடித்துக்கொண்டால்?

பிடிக்கும். அதற்கான தாளை நன்றாக இருக்கும்போதே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். முதல் வரி: சிறுநீர், மரத்துப்போதல், கால் வலு, காய்ச்சல், நான்கும் சரியா? சரி என்றால் இரண்டு நாளைக்கு நடையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம், மூச்சுவிட்டபடி நாற்காலியில் குனிவது பத்து முறை. மூன்றாம் நாள் முக்கால் பங்கு, ஐந்தாம் நாள் பழைய அளவு. புது எம்ஆர்ஐ எடுக்கத் தோன்றினால் தாளின் முதல் வரியை இன்னொரு முறை படியுங்கள்.